இடது கையைக் கேளுங்கள்: யுன்சான் லிம் வாசித்த ஷோப்பான் எட்யூட் ஆல்பம்

கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு வர்ணத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு இரண்டு காலம், மூன்று காலம் என்று சாதகம் செய்வதும் அதுதான். சாயங்காலம் சபாவில் கச்சேரியைத் தொடங்கி வைப்பதும் அதுதான். குரலைப் பழக்கும் உருப்படியே மேடைக்கும் உரிய உருப்படி. பியானோவில் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்பது எட்யூட். போலந்தில் பிறந்த இசையமைப்பாளர் ஷோப்பானுக்கு முன்னால் எட்யூட் என்றால் பெரும்பாலும் விரல் அப்பியாசம், வீட்டோடு சரி. அவர் ஒவ்வொரு எட்யூட்டுக்கும் ஒரு கைச்சிக்கலை எடுத்துக்கொண்டார். அந்தச் சிக்கலைத் தவிர வேறொன்றிலிருந்தும் பிறக்க முடியாத ஒரு பாட்டை அதிலிருந்தே எடுத்தார். ஓபஸ் 10 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) என்ற 12 எட்யூட் 1833-இல் அச்சாயின, சக பியானோக் கலைஞர் லிஸ்ட்டுக்குச் சமர்ப்பணம். ஓபஸ் 25 என்ற அடுத்த 12 வந்தது 1837-இல்.

இந்த 24-ஐயும் தென்கொரியாவின் யுன்சான் லிம் வாசித்து, டெக்கா நிறுவனம் 2024 ஏப்ரல் 19 அன்று வெளியிட்டது. அப்போது அவருக்கு 20 வயது நிறைந்து ஒரு மாதம். அந்த ஆண்டு பிரிட்டனின் கிராமஃபோன் இசை இதழ் தரும் விருதுகளில் பியானோ பிரிவு விருது இந்த ஆல்பத்துக்கும், ஆண்டின் இளங்கலைஞர் விருது அவருக்கும் கிடைத்தன. 2025-இல் பிபிசி மியூசிக் மேகசின் ஆண்டின் சிறந்த பதிவாக இதையே தேர்ந்தெடுத்தது. விருதுப் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டுக் காதை மட்டும் நம்பிக் கேட்டாலும் முடிவு மாறாது: தாராளமாக வாங்கலாம். ஆனால் கேட்க ஒரு முறை இருக்கிறது. வலது கையின் வேகத்தில் சொக்கிப்போய்க் கேட்டால் பாதிதான் கிடைக்கும். இந்த ஆல்பத்தின் உயிர் இடது கையில் இருக்கிறது.

லிம் 2004-இல் சியோலுக்குப் பக்கத்தில் உள்ள சிஹுங் நகரில் பிறந்தவர். ஏழு வயதில்தான் பியானோ தொட்டார். இந்தத் துறையில் அது சீக்கிரம் என்று சொல்ல முடியாது. நான்கு வயதிலேயே உட்கார வைத்துவிடுகிறவர்கள் நிறைய. 13 வயதில் கொரியாவின் கலைத்திறன் மிக்க பிள்ளைகளுக்கான தேசியக் கழகத்தில் சேர்ந்தபோது அமைந்த குரு மின்சு சோன். இன்றுவரை அவர்தான் குரு. சோன் பாஸ்டன் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரிக்கு ஆசிரியராகப் போனபோது லிம்மும் அங்கே மாணவராகப் போனார். 2019-இல், 15 வயதில், கொரியாவின் ஈசாங் யுன் போட்டியில் முதல் பரிசு. பிறகு 2022 ஜூனில் டெக்சஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் வான் கிளைபர்ன் போட்டி.

அந்தப் போட்டியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அவர் செய்த துணிச்சல் விளங்கும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போய் 2022-இல் நடந்தது. வயது வரம்பு 18 முதல் 30. லிம்முக்கு 18 நிறைந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 30 பேரில் தொடங்கி 18, 12, 6 என்று வடிகட்டுவார்கள். முதல் இரண்டு சுற்றிலும் தனிக்கச்சேரி, அரையிறுதியில் ஒரு மணி நேரத் தனிக்கச்சேரியோடு மோட்ஸார்ட் கான்செர்டோ (இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி) ஒன்று, இறுதியில் இரண்டு கான்செர்டோ. அரையிறுதியின் ஒரு மணி நேரத்துக்கு வழக்கமாக நாலைந்து உருப்படியைக் கலந்து வைப்பார்கள். ஒன்று சறுக்கினாலும் அடுத்த ஆசிரியரின் உருப்படியில் எழுந்து நிற்கலாம் அல்லவா? லிம் வைத்தது லிஸ்ட்டின் டிரான்சென்டென்டல் எட்யூட் 12-ம், வரிசை மாறாமல், முழுவதுமாக. நாலாவது எட்யூட்டில் கை அயர்ந்தால் ஒதுங்க நிழல் கிடையாது. இறுதிச் சுற்றில் பேத்தோவனின் மூன்றாம் கான்செர்டோவும் ரக்மானினாஃபின் மூன்றாம் கான்செர்டோவும். ரக்மானினாஃப் முடிந்ததும் நடத்துனர் மரின் ஆல்சொப் கண்ணைத் துடைத்துக்கொள்வதை யூடியூப் காணொளியில் பார்க்கலாம். தங்கப் பதக்கம், ரசிகர் வாக்குப் பரிசு, புதிய உருப்படியைச் சிறப்பாக வாசித்ததற்கான பரிசு மூன்றும் அவருக்கே. அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிக இளைய வெற்றியாளர்.

போட்டியில் ஜெயிப்பது வேறு, கலைஞராக நிலைப்பது வேறு. பரிசு வாங்கிய கையோடு நூறு ஊர்களில் ஒரே கான்செர்டோவைத் திரும்பத் திரும்ப வாசித்து இரண்டே ஆண்டில் வற்றிப்போனவர்கள் இந்தத் துறையில் உண்டு. மௌரிட்ஸியோ பொல்லினி 1960-இல் வார்சா ஷோப்பான் போட்டியில் ஜெயித்தபோது அவருக்கும் 18 வயதுதான். அவர் கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டு படிக்கப் போனார். எட்யூட் 24-ஐயும் டாய்ச் கிராமஃபோன் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது 1972-இல். லிம் அந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியை எடுத்துக்கொள்ளவில்லை. வெற்றிக்கு 20 மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 21 அன்று, நியூயார்க்கின் கார்னகி ஹாலில் தன் முதல் தனிக்கச்சேரியிலேயே இந்த எட்யூட்களை வைத்தார். இரண்டு மாதத்தில் ஆல்பம். இவ்வளவு அவசரம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பதில் ஆல்பத்துக்குள் இருக்கிறது.

ஷோப்பான் தன் மாணவர்களிடம் இடது கையை இசைக்குழுவின் நடத்துனர் என்று சொல்லிவந்தார். அது தளரக்கூடாது, வலது கை அதன்மேல் முன்னே பின்னே போகலாம். தாளம் போடுகிற கை பிசகாமல் நிற்க, பாட்டு அதீதத்திலும் அனாகதத்திலும் எடுப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல. ருபாட்டோ என்று சொல்வதன் அடிப்படையும் அதுதான்.

லிம் இந்த இலக்கணத்துக்குக் கட்டுப்படுகிறார், அதோடு ஒரு படி மேலேயும் போகிறார். இடது கைக்குள்ளேயே இரண்டு குரலைப் பிரித்துக் காட்டுகிறார். சுண்டுவிரல் அடித்தளத்தைப் பிடிக்க, கட்டைவிரல் நடுவில் ஒரு தனிப் பாட்டை எடுக்கிறது. இசைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், அவர் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, ஷோப்பான் எழுதி வைத்ததைத்தான் வெளியே கொண்டுவருகிறார் என்று தெரியும். 190 ஆண்டாக எத்தனையோ பேர் வாசித்த பக்கத்தில் நாம் கேட்காத வரி ஒன்று திடீரென்று கேட்கிறபோது உடம்பு சிலிர்த்துவிடுகிறது.

ஓபஸ் 10-இன் முதல் எட்யூட்டையே எடுத்துக்கொள்வோம். சி மேஜர், அதாவது சி-யை ஆதாரமாகக் கொண்ட சுர வரிசை. வலது கை கட்டையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆர்பெஜ்ஜோவாக, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை ஒவ்வொரு சுரமாகப் பிரித்து, ஏறி இறங்குகிறது. குறித்திருக்கும் வேகம், தாளத் தட்டுக் கருவியான மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 176 தட்டு, தட்டுக்கு நாலு சுரம். நொடிக்கு ஏறத்தாழ 12 சுரம். மொத்தம் 79 பார், அதாவது தாளச் சுற்று. அந்த வேகத்தில் ஒரு நிமிடம் 48 நொடியில் முடிந்துவிடும். இடது கைக்கோ வேலையே இல்லாததுபோல் நீண்ட ஆக்டேவ்கள், ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்த்து அடிக்கும் ஜோடிச் சுரங்கள். பெரும்பாலோர் அந்த ஆக்டேவ்களைத் தூண் மாதிரி நட்டுவிட்டு வலது கையைக் காட்டுவார்கள். லிம் தலைகீழாகச் செய்கிறார். வலது கை ஒளிவட்டம்போல் பின்னால் போக, கீழே ஆக்டேவ்கள் ஒன்றோடொன்று கை கோத்துத் தேவாலயக் கூட்டுப்பாடல்போல நடந்து போகின்றன. எட்யூட் எதைப் பற்றியது என்பதே மாறிவிடுகிறது.

இரண்டாவது, ஏ மைனர், 24-லேயே கையை அதிகம் வாட்டுவது. வலது கையின் 3, 4, 5-ஆம் விரல்கள் மட்டும் குரோமாட்டிக் ஸ்கேலை, அதாவது கறுப்பு வெள்ளை எந்தக் கட்டையையும் விடாமல், ஏறி இறங்க வேண்டும். அதே கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அவ்வப்போது சுரக்கூட்டைத் தட்டும். இயல்பிலேயே வலுக்குறைந்த மூன்று விரல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போக வேண்டும். ஷோப்பான் இதில் ஏறக்குறைய ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் எண் எழுதி வைத்திருக்கிறார். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, சுரக்கூட்டைத் தட்டுகிற கட்டைவிரல் கனத்துப்போவது. அது கனத்தால் மேலே ஓடும் ஸ்கேல் தட்டுக்குத் தட்டு இடறும். லிம்மின் பதிவில் அந்தத் தட்டுகள் மழைத்துளி அளவுக்குத்தான் விழுகின்றன. ஸ்கேல் எண்ணெய் ஒழுகுவதுபோல் ஒரே கோடாக வருகிறது. இதைச் சரிபார்க்க ஒரு வழி: யூடியூபில் வேகத்தை 0.5 ஆக்கிக் கேளுங்கள். பாதி வேகத்தில் ஒழுங்கின்மை எல்லாம் பல்லிளித்துவிடும். இதில் அப்படி எதுவும் பெரிதாகத் தலைகாட்டவில்லை.

நாலாவது, சி ஷார்ப் மைனர், பிரெஸ்டோ, அதாவது மிக வேகம். ஒரே சொற்கட்டு வலது கையிலிருந்து இடது கைக்கும் மறுபடி வலது கைக்கும் பந்துபோல் மாறுகிறது. வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இடது கைக்கு வரும்போது வேகமும் தெளிவும் ஒரு மாற்றுக் குறையும். அதை மறைக்க, ஒலியை நீளவைக்கும் பெடலை அமுக்குவார்கள். லிம் பெடலைக் குறைத்து இரண்டு கையையும் வெளிச்சத்தில் நிறுத்துகிறார். கண்ணை மூடிக் கேட்டால் எந்தக் கை எந்த இடத்தில் வாங்கியது என்று சொல்வது கடினம். ஐந்தாவது, கறுப்புக் கட்டை எட்யூட் என்று பெயர் பெற்றது. வலது கைக்கு மொத்தத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கட்டைதான். பிள்ளைகளுக்கு முதலில் இதைப் போட்டுக் காட்டலாம், உடனே பிடித்துவிடும்.

ஓபஸ் 10-இல் எட்டு, பத்து, பதினொன்று எல்லாம் சுத்தமாக, அழகாக இருக்கின்றன. நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. புரட்சி எட்யூட் என்று எல்லாருக்கும் தெரிந்த பன்னிரண்டாவது இடது கைக்கென்றே எழுதப்பட்டது. எதிர்பார்த்தபடியே அங்கே தீப்பறக்கிறது.

ஆல்பத்தின் உச்சம் ஓபஸ் 25-இல். ஐந்தாவது, ஈ மைனர். சுரத்துக்கு முன்னால் அரைச்சுர இடைவெளியில் ஒரு சின்னச் சுரம் உரசிக்கொண்டு வருவதால் தப்புச் சுர எட்யூட் என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. நடுவில் ஈ மேஜருக்கு மாறியதும் பாட்டு இடது கைக்கு இறங்குகிறது. வலது கை மேலே சரிகை நெய்துகொண்டிருக்கும். லிம் அந்தப் பாட்டை எடுக்கும் விதம் மனிதக் குரலுக்கு மிக அருகில் வருகிறது. சுரம் ஏறும்போது ஒலியும் கொஞ்சம் ஏறி, மூச்சுவிடும் இடத்தில் தளர்ந்து, அடுத்ததை மெல்லத் தொடுகிறது.

ஆறாவது, ஜி ஷார்ப் மைனர், மூன்றாம் இடைவெளி இரட்டைச் சுரங்கள். வலது கை ஒரே நேரத்தில் இரண்டிரண்டு சுரமாக ஓட வேண்டும். குறித்த வேகத்தில் நொடிக்கு ஒன்பது ஜோடிக்கு மேல், அதாவது 18 சுரம். இதில் கெடுவது வேகம் அல்ல, ஜோடி. இரண்டு சுரமும் ஒரே கணத்தில் விழாமல் முன்பின் ஆனால் ‘டக்’ என்பது ‘டடக்’ ஆகிவிடும். நாலாவது ஐந்தாவது விரல் பிந்துவதுதான் காரணம். இங்கே ஜோடிகள் ஒட்டியே இருக்கின்றன, அதுவும் ரகசியம் பேசுகிற அளவு மென்மையான ஒலியில். பலமாக வாசித்தால் ஒழுங்கின்மையை மறைக்கலாம். மென்மையில் மறைக்க முடியாது.

ஏழாவது, சி ஷார்ப் மைனர், லென்ட்டோ, அதாவது மெதுவான நடை. இதற்காக மட்டுமே ஆல்பத்தை வாங்கினாலும் நஷ்டமில்லை. தொடக்கத்தில் இடது கை தன்னந்தனியாக ஒரு பார் பாடுகிறது. பிறகு முழு எட்யூட்டிலும் பாட்டு அதனுடையதுதான். செல்லோ வாசிப்பதுபோல் இருப்பதால் செல்லோ எட்யூட் என்பார்கள். சிக்கல் எங்கே என்றால், செல்லோவில் வில் இழுக்க இழுக்க ஒரு சுரத்தை வளர்க்கலாம், கனமாக்கலாம். பியானோவில் சுத்தி கம்பியை அடித்த கணத்திலிருந்து ஒலி தேயத்தான் செய்யும். நீண்ட சுரம் ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது, முதலாவது எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்த அளவிலிருந்து அடுத்ததை எடுக்க வேண்டும். கொஞ்சம் பலமாகத் தொட்டால் சங்கிலி அறுந்துவிடும். இந்த எட்யூட்டின் தொடக்கச் சுரங்களுக்காக மட்டும் பல மணி நேரம் உழைத்ததாக லிம் ஆல்பம் வெளிவந்தபோது சொன்னார். அந்த உழைப்பு கேட்கிறது. முதல் சுரம் அடித்ததுபோலவே இல்லை, எங்கிருந்தோ ஊறி வந்ததுபோல் இருக்கிறது. அடுத்த சுரம் அதன் தேய்வுக்குள்ளிருந்து எழுகிறது. பிறகு வலது கை வந்து சேரும்போது இரண்டு பேர் துக்கத்தைப் பகிர்ந்துகொள்வதுபோல் ஆகிவிடுகிறது.

பதினொன்றாவது, ஏ மைனர், குளிர்காற்று எட்யூட். முதல் நாலு பார் மெதுவாக ஒரு பாட்டைச் சொல்லி நிறுத்தும். பிறகு வலது கையில் புயல். குறித்த வேகத்தில் நொடிக்கு 14 சுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் புயலுக்குக் கீழே இடது கை அதே நாலு பார்ப் பாட்டைப் படைநடையாக எடுத்துக்கொண்டு போகிறது. சத்தத்தில் அது முங்கிப்போவதுதான் வழக்கம். லிம்மிடம் முங்குவதில்லை. காற்று எவ்வளவு அடித்தாலும் நடக்கிறவன் நடந்துகொண்டே இருக்கிறான்.

குறைகளும் உண்டு. உள்குரல்களை வெளியே இழுக்கும் ஆசையில் சில இடங்களில் மேல்வரிப் பாட்டு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. முதன்முறை ஷோப்பான் கேட்கிறவர் எதைப் பிடித்துக்கொள்வது என்று தடுமாறலாம். ஓபஸ் 25-இன் கடைசி மூன்றும் அடுத்தடுத்துப் பேரொலிதான். பத்தாவதின் ஆக்டேவ்களிலேயே இவர் முழுத்தீவிரத்துக்குப் போய்விடுவதால் பன்னிரண்டாவதுக்கு ஏறப் படி மிச்சமில்லை. பொல்லினி இந்த இடத்தில் அடக்கி வைத்துக் கடைசியில் திறந்துவிடுவார். ஓபஸ் 10-இன் மூன்றாவது, புகழ்பெற்ற ஈ மேஜர் எட்யூட்டில், ஷோப்பான் குறித்த வேகம் எட்டில் ஒரு பங்குச் சுரத்துக்கு 100. கணக்குப் போட்டால் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். இன்று பெரும்பாலோரைப் போல லிம்மும் அதைவிட நிதானமாகத்தான் எடுக்கிறார். அழகு குறையவில்லை, ஆனால் மற்ற இடங்களில் குறிப்பை இவ்வளவு மதிப்பவர் இங்கேயும் மதித்திருந்தால் அந்தப் பாட்டு கண்ணீர்க் கச்சேரியாகாமல் நடந்திருக்கும். இன்னொன்று, ஷோப்பான் எழுதிய எட்யூட் மொத்தம் 27. பிற்பாடு எழுதிய அந்த மூன்று இதில் இல்லை. இடம் இருந்தும் சேர்க்காதது ஏமாற்றம்.

கேட்கும் கருவிக்கு வருவோம். பியானோவின் நடு சி 262 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 131, இரண்டு ஸ்தாயி கீழே 65, மூன்று ஸ்தாயி கீழே 33. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது. மேல்சுரச் சாயலை வைத்துக் காது ஊகித்துக்கொள்கிறது. அதாவது இடது கை முழுக்க ஊகம்தான்! இந்த ஆல்பத்தைக் கைபேசியில் நேரடியாகக் கேட்டுவிட்டு ‘வேகமாக வாசிக்கிறான்’ என்று மட்டும் சொல்கிறவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். சாதாரணக் கம்பி வைத்த இயர்போன்கூடப் போதும். ப்ளூடூத் கருவியானால் அதன் செயலியில் ‘பாஸ் பூஸ்ட்’ இருந்தால் அணைத்துவிடுங்கள்; அது கீழ்ச்சுரத்தை ஊதிப் பெருக்கிச் சுண்டுவிரல் குரலையும் கட்டைவிரல் குரலையும் ஒன்றாகக் குழப்பிவிடும். ஸ்ட்ரீமிங்கில் ‘கிராஸ்ஃபேட்’ என்ற வசதி ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும். எட்யூட்டின் கடைசிச் சுரம் தேய்ந்து அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழும். அதையும் அணைக்க வேண்டும். ‘ஷஃபிள்’ கூடவே கூடாது. 24-ம் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் முதல் தடவை ஓபஸ் 10 முடிந்ததும் நிறுத்தி ஒரு காப்பி குடித்துவிட்டு உட்காருவது நல்லது. காது அயர்ந்தால் ஓபஸ் 25-இன் முதல் எட்யூட்டில் உள்ள நுணுக்கம் போய்விடும்.

பியானோ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த ஆல்பம் ஓட வேண்டும். ஆனால் அதன் வேகத்தைப் பிடிக்க முயலக்கூடாது. ஷோப்பான் வேகம் குறித்த காலத்துப் பிளேயெல் பியானோவின் கட்டைகள் இலேசானவை, குறைந்த ஆழமே இறங்குபவை. இன்றைய கச்சேரிப் பியானோவில் ஒரு கட்டையை இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும், அது 10 மில்லிமீட்டர் இறங்கும். முதல் எட்யூட்டின் அதே 176 வேகத்தை இந்தக் கட்டையில் நொடிக்கு 12 தடவை செய்வது வேறு உழைப்பு. லிம்மே 2024-இல் கை அயர்ச்சியால் சில வாரக் கச்சேரிகளை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது.

முதல் எட்யூட்டில் பிள்ளைகள் செய்யும் தவறு, பத்துக் கட்டை அகலத்துக்குக் கையை விரித்து, விரித்தபடியே வைத்திருப்பது. மணிக்கட்டு இறுகி, முன்கையில் எரிச்சல் தொடங்கும். ஒவ்வொரு சுரமும் அடித்தவுடன் கை சுருங்கி, அடுத்ததுக்கு மணிக்கட்டு பக்கவாட்டில் நகர்ந்து போக வேண்டும். விரிப்பது விரல் அல்ல, நகர்வது கை. மெட்ரோனோமை 60-இல் வைத்து, நாலு பாரை மட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல். ஒரு வாரம் சுத்தமாக வந்தால் நாலு தட்டு ஏற்றலாம். எரிச்சல் தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும். தாங்கிக்கொண்டு வாசிப்பது வீரம் அல்ல, காயம். எட்யூட் உலகத்தில் நுழைய இதைவிட நல்ல வாசல்கள் ஓபஸ் 10-இன் ஆறாவதும் ஒன்பதாவதும், ஓபஸ் 25-இன் இரண்டாவதும். இசைக்குறிப்புக்கு யான் எகியர் பதிப்பித்த போலந்துத் தேசியப் பதிப்பு நம்பகமானது. பழைய அச்சுகள் இணையத்தில் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரெஞ்சுப் பியானோக் கலைஞர் கோர்ட்டோவின் பதிப்பில் ஒவ்வொரு எட்யூட்டுக்கும் முன்பயிற்சிகள் உண்டு. ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் பயன்படும்.

அந்த ஆல்ஃப்ரெட் கோர்ட்டோ 1930-களில் செய்த பதிவையும் ஒருமுறை கேளுங்கள். தப்புச் சுரங்கள் கேட்கும், ஒலி கரகரக்கும். ஆனால் பாட்டைப் பேசுவதுபோல் வாசிக்கிற விதம் லிம்முக்கு எங்கிருந்து வந்தது என்பது அங்கே தெரியும். பழைய தலைமுறைக் கலைஞர்களைத்தான் தன் வேர்கள் என்று லிம் சொல்லிவருகிறார். பொல்லினியின் 1972 பதிவு கருங்கல்லில் செதுக்கியது, ஒரு உளி கூடப் பிசகவில்லை. ஒரே ஒரு பதிவுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இன்னும் பொல்லினிதான். இரண்டு என்றால் இரண்டாவது இது, தயக்கமே வேண்டாம்.

காசு செலவழிக்குமுன் ஆளைப் பார்க்க நினைப்பவர்களுக்கு கிளைபர்ன் போட்டியின் எல்லாச் சுற்றும் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. ரக்மானினாஃபை எல்லாரும் பார்க்கிறார்கள். நீங்கள் இரண்டாம் சுற்றான காலிறுதியிலிருந்து தொடங்குங்கள். பாக் எழுதிய ஆறு குரல் ரிச்செர்கார் என்ற உருப்படியை அங்கே வாசிக்கிறார். ஆறு குரல், இரண்டு கை, ஆர்ப்பாட்டம் ஏதுமில்லாத இசை. ஒவ்வொரு குரலும் தன் பாட்டில் தனித்து நடக்கிறது. எட்யூட் ஆல்பத்தில் இடது கையின் கட்டைவிரல் தனியாகப் பாடும் வித்தையை 18 வயதில் எங்கே கற்றார் என்பதற்கு அதுவே சாட்சி. அரையிறுதியின் லிஸ்ட் எட்யூட்கள் ஸ்டைன்வே நிறுவனத்தின் முத்திரையில் 2023-இல் ஆல்பமாகவும் வந்துவிட்டன. நேரடி மேடைப் பதிவு.

ஆல்பத்தின் கடைசி எட்யூட் சி மைனரில் அலையடித்துக்கொண்டே வந்து, முடிவில் சி மேஜருக்குத் திறக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு முன் முதல் எட்யூட் தொடங்கிய அதே சி மேஜர். ஸ்ட்ரீமிங் செயலியில் ‘ஆட்டோபிளே’ ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கடைசிச் சுரக்கூட்டு அடங்கும் முன்பே வேறு யாரோ வாசித்த வேறு எதையோ அது போட்டுவிடும். முதல் எட்யூட்டைத் தொடும் முன்பே அதை அணைத்துவிடுங்கள்.